எழுதுபொருள் வீட்டிலேயே உண்டு

ஆண்டு பிறந்ததும் நம் சங்கத்து அன்பர்கள் சிலர் புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்குகின்றனர். இவ்வாண்டிலாவது ஏதேனும் எழுதிவிட வேண்டுமென்பது அவர்தம் எண்ணம். முதற்பக்கத்தில் திரிசரணத்தை எழுதுகின்றனர். இரண்டாம் பக்கம் வெறுமையாகவே கிடக்கின்றது. “எழுதத்தக்க பொருள் எம்மிடத்து என்ன இருக்கின்றது? புத்தகயையைக் கண்டோமா, பாலி மொழி கற்றோமா?” என்று நம்மிடம் வினவுகின்றனர். அடக்கம்போலத் தோன்றும் இவ்வினாவினுள் பழந்தீங்கு ஒன்று ஒளிந்திருக்கின்றது. எழுத்து பெரிய வீட்டாருக்கே உரியதென்று தலைமுறை தலைமுறையாய் நம் செவியில் ஓதினார்கள். அதனை இன்று நமக்கு நாமே ஓதிக்கொள்வானேன்?

பண்டித அயோத்திதாசர் தம் இதழில் எழுதியுள்ளபடி, அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராய் இருந்தவர். அவரிடமிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றதாம். சமையற்கட்டில் உழைத்தவர் குடும்பத்தில் குறள் இருந்தது என்பதைச் சற்றே நினைமின்!

நம் சமய நூல்களும் வீட்டை இகழ்ந்தனவல்ல. தேரிகாதை என்பது பெண் துறவியர் பாடல்களின் தொகுதி. அதிலே உரலும் உலக்கையும் வருகின்றன. படாசாரை என்னும் தேரி, கால் கழுவிய நீர் தரையில் வழிந்தோடுவதைக் கண்டு மனத்தை ஒருநிலைப்படுத்தினாள். பின்னர் ஊசியால் விளக்குத் திரியை உள்ளிழுக்க, சுடர் அவிந்தது. அவள் உள்ளம் விடுதலையுற்றது. மணிமேகலை ஏந்திய அமுதசுரபியில் முதற்பிச்சை இட்டவளும் ஆதிரை என்னும் இல்லறத்தாளே. அரசன் மாளிகையிலிருந்து அப்பாத்திரம் நிறையத் தொடங்கவில்லை.

இவ்விடத்தில் இளைஞர் ஒருவர் நம்மைத் தடுத்துக் கேட்டதொன்று உண்டு. “பகவன் அநாத்மம் போதித்தார். நான், என் பாட்டன், என் வீடு என்று எழுதினால் அகந்தை வளராதோ?” நல்ல வினா, எளிதில் தள்ளத்தக்கதன்று. பெருமைக்காக எழுதினால் வளரும், ஐயமில்லை. நம் பாட்டனாரே ஊருக்குப் பெரியவர் என்று புனைந்துரைப்பவன் அகந்தைக்குக் கூரை வேய்கின்றான். ஆயின் உள்ளதை உள்ளவாறு எழுதத் தொடங்கினவனுக்கு வேறொன்று நேர்கின்றது. பாட்டனார் எவ்வாறு பௌத்தரானார் என்று ஆராய்வான். பஞ்சம் ஊரைவிட்டு விரட்டியிருக்கும். கங்காணி ஒருவன் சுரங்க வேலைக்கு அழைத்து வந்திருப்பான். எழுத்தறிந்த அண்டைவீட்டார் மாலைதோறும் ‘தமிழன்’ இதழை உரக்க வாசித்திருப்பார். பாட்டியார் அடுப்படியிலிருந்து கேட்டு, அவருக்கு முன்னரே மனம் மாறியிருப்பார். ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் என்று நாம் மேடையில் கூறுவது இதுவேயன்றோ? ‘நான்’ என்பதைத் தேடிச் சென்றவன் இத்தனை பேரைக் காண்கின்றான்.

நாம் நூலாலையில் பணிசெய்த காலத்தில் இழை அறுந்தால் அப்போதே பிணைத்துவிட வேண்டும். ஓட விட்டுவிட்டால் அறுந்த முனை எங்கே போயிற்றென்று அகப்படாது. கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் நம்மவர் குடும்பங்கள் பல பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் ஒரு பெட்டி குறைகின்றது. போகியன்று பழையன கழித்தல் என்று பரணைக் காலிசெய்து நெருப்பிலிடும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றது. பஞ்சசீலம் சொல்லி நடந்த மணத்தின் அழைப்பிதழ், சங்கச் சந்தா ரசீது, அட்டை கிழிந்த சிறு நூல் ஆகிய யாவும் அந்நெருப்புக்கு வெறும் காகிதமே. பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழின் எழுத்துக்களை 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பதிப்பித்தார் என்றால், அதற்கு முன்னே எவரோ சிலர் பழைய தாள்களை எரியாமல் வைத்திருந்தனர் என்பதே பொருள். ஆகவே போகிக்கு முன் பரணில் ஏறுங்கள். எழுதுபொருள் அங்கேயே கிடைக்கும்.

வீட்டுக் குறைகளையும் எழுதலாமோ? பெரியப்பா குடித்துக் கடன்பட்டதை, சித்தப்பா மீண்டும் கோயிலில் கிடாய் வெட்டியதை? அபயராஜகுமார சூத்திரத்தில் பகவன் இதற்கு வழி காட்டியுள்ளார். மெய்யானதும் நன்மை பயப்பதுமான சொல் பிறருக்குக் கசப்பதாயினும், காலமறிந்து கூறத்தக்கது. பெரியம்மா உயிரோடிருக்கையில் அக்கடனை அச்சேற்ற வேண்டுவதில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கலாம். பொய்யான புகழ்ச்சியோ எக்காலத்தும் ஆகாது. நான்காம் சீலம் எழுதுகோலுக்கும் உண்டு.

தொடக்கம் அறியாது தயங்குவோர் இவ்வாரமே வீட்டிலுள்ள ஆயாவின் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஏன் பௌத்தரானீர் என்று கேட்டால், “பெரியவங்க சொன்னாங்க, ஆனோம்” என்று முடித்துவிடுவார். மணநாளன்று எச்சேலை உடுத்தியிருந்தார் என்று கேளுங்கள். சேலையின் நிறத்திலிருந்து அதனை வாங்கித் தந்தவருக்குச் செல்வார். அவரிலிருந்து, தாலி கட்டப் புரோகிதர் இல்லையென்று பந்தியில் அமராமல் எழுந்துபோன உறவினருக்குச் செல்வார். அவ்வுறவினர் எத்தனை ஆண்டு பேசாதிருந்தார், எவர் சாவில் மீண்டும் வந்து நின்றார் என்பது வரையில் சொல்லிக்கொண்டே போவார். நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.