இனி விட்டு என்ன?

மார்பு நோய்க் கிளினிக்குக்கு மாதாமாதம் போகிறவர்களில் சிகரட் பிடிக்கிற எவரிடமும் ஒரு கேள்வி இருக்கும். வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. வந்த வியாதி வந்துவிட்டது, இனி விட்டு என்ன?

இதை வீம்பு என்று தள்ளிவிட முடியாது. நோய் இல்லாதவனுக்குப் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று சொல்லலாம். வந்துவிட்டவனிடம் என்ன சொல்வது? நாட்பட்ட சுவாச அடைப்பு நோய், வைத்தியர்கள் சுருக்கமாக சிஓபிடி என்பார்கள், பிடித்தால் விடாது. பம்ப் இழுக்கலாம், மாத்திரை போடலாம். சிதைந்த காற்றறைகள் மறுபடி முளைக்காது. அதிலும் கண்டியில் இந்த நோயோடு வாழ்வது தனிப்பாடு. மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிற ஊர் இது. மார்கழி, தை மாதக் காலைகளில் பஸ்களின் புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே தங்கிவிடும். வீடுகளோ படியேறித்தான் போக வேண்டிய இடங்களில். எனக்கு இந்த நோயோடு நீரிழிவும் சேர்ந்திருந்தது. சீனி போயிற்று, சோறு அளவாயிற்று, படியேறும் தெம்பும் குறைந்தது. எஞ்சியிருக்கும் ஒரே சுகத்தையும் விடு என்றால் மனம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்.

அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் நேரான பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய 'லங் ஹெல்த் ஸ்டடி' என்ற ஆய்வில், சுவாச அடைப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்ட 5,887 புகைபிடிப்பவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஒரு செக்கனில் ஒருவர் ஊதித் தள்ளும் காற்றின் அளவை ஆண்டாண்டாக அளந்தார்கள். பதினொரு வருட முடிவில், தொடர்ந்து புகைத்த ஆண்கள் ஆண்டுக்குச் சுமார் 66 மில்லிலீற்றர் வீதம் அந்த மூச்சை இழந்திருந்தார்கள். தொடக்கத்திலேயே விட்டு, விட்டபடியே இருந்த ஆண்கள் இழந்தது சுமார் 30. போனது திரும்பவில்லை, ஆனால் போகிற வேகம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. நோய் வந்தவனுக்குத்தான் இந்த வித்தியாசம் கூடப் பயன்படும், ஏனென்றால் அவனிடம் இருப்பு குறைவு.

ஆனாலும் இந்தக் கணக்கை யாராவது அன்று என்னிடம் சொல்லியிருந்தால், கேட்டுவிட்டு வெளியே வந்து ஒன்றைப் பற்றவைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கணக்கு பொய் என்பதற்காக இல்லை. சொல்கிறவருக்கு இருமல் இல்லை என்பதற்காக.

கிளினிக் நாளில் விடியுமுன்னே போய் நம்பர் எடுக்க வேண்டும். பொலித்தீன் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியோடு நீள வாங்குகளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லாரும் அந்த வாங்கில் உண்டு. எல்லாருக்கும் ஒரே இழுப்பு. பெண்களும் இருப்பார்கள். நம் நாட்டில் புகைக்கிற பெண்கள் மிகமிகக் குறைவு. வாங்கில் இருக்கும் பெண்களில் பலர் தோட்டத்து லயங்களில் விறகடுப்புப் புகையை ஆயுள் முழுக்கக் குடித்தவர்கள். தானாக ஒன்றையும் பற்றவைக்காமல் இந்த நோயை வாங்கிக்கொண்டவர்கள். அவர்கள் பக்கத்தில் சிகரட் வாசத்தோடு போய் உட்காருவது எனக்கு எப்போதும் கஷ்டமாக இருந்திருக்கிறது.

அந்த வாங்கில்தான் ஒரு நானாவைச் சந்தித்தேன். கட்டுகஸ்தோட்டைப் பக்கம், லொறி ஓட்டி ஓய்ந்தவர். "விட்டீங்களா?" என்று அவர் கேட்கவில்லை. "எழும்பி எவ்வளவு நேரத்துக்குள்ள மொத சிகரட்ட பத்துவீங்க, தம்பி?" என்றார். நிக்கொட்டின் பிடியை அளக்க வைத்தியர்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ரோம் வினாக்கொத்தில் முதன்மையான கேள்வி இதுதான் என்பது பின்னால் எனக்குத் தெரியவந்தது. அவர் அதைப் படித்தவரில்லை, பட்டுத் தெரிந்துகொண்டவர். விடியக்காலைப் பிளேன்டீயோடு போகிற அந்த முதல் சிகரட்டை உடைத்தால்தான் மற்றது உடையும் என்பது அவர் கணக்கு. "கடையில குடிக்காதீங்க. வீட்டிலயே தேத்தண்ணி குடிங்க. கடையில லைட்டர் தொங்குது." வாசலில் நூல் கட்டித் தொங்கவிட்ட அந்த லைட்டரை நான் எத்தனையோ வருடமாகப் பார்த்திருக்கிறேன், அதை ஓர் ஆளாக எண்ணிப் பார்த்ததில்லை.

பிறகு தன் நம்பரைத் தந்தார். "ஆசை வந்தா ஒரு மிஸ்ட் கோல் அடிங்க." அடித்தேன். திருப்பி எடுப்பார். சிகரட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மரக்கறி விலை, மகாவலியில் தண்ணீர் எவ்வளவு, பேரன் பரீட்சை. சில நிமிடங்களில் அந்தத் தவிப்பு தணிந்துவிடும். நிக்கொட்டின் ஆசை அலையாக ஏறி, பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடுவது. முதல் சில நாட்கள்தான் கொடுமை, இரண்டு மூன்று வாரத்தில் அதன் கூர் மழுங்கும். அந்தச் சில நிமிடங்களைத் தனியாகக் கடப்பதும் ஒருவரின் குரலோடு கடப்பதும் ஒன்றல்ல.

சகநோயாளியிடம் கிடைப்பதில் பெரியது, பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது. வைத்தியர் கேட்டால் "விட்டுட்டேன் டொக்டர்" என்று வந்துவிடும், ஏச்சுக்குப் பயம். இந்தப் பொய் உடம்புக்கே ஆபத்தானது. இழுப்புக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். சிகரட் புகை ஈரலைத் தூண்டி அந்த மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடச் செய்யும். புகைப்பதை நிறுத்தியதும் அதே அளவு மாத்திரை இரத்தத்தில் கூடுதலாக நிற்கும். குமட்டல், படபடப்பு, அதற்கு மேலும் வரலாம். அதனால் விட்டாலும் சொல்ல வேண்டும், விடாவிட்டாலும் சொல்ல வேண்டும். வாங்கில் உண்மை பேசிப் பழகினவனுக்குத்தான் உள்ளே போய் வைத்தியரிடமும் உண்மை பேச வாய் வருகிறது. எனக்கு அப்படித்தான் வந்தது.

லங் ஹெல்த் ஸ்டடியில் என் மனதைத் தொட்டது இன்னொரு கணக்கு. விடுவதற்கு உதவி பெற்ற பிரிவினரைப் பத்து வாரங்களில் பன்னிரண்டு தடவை குழுவாக உட்காரவைத்தார்கள், நிக்கொட்டின் சுவிங்கமும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் முழுதும் புகைக்காமல் இருந்தவர்கள் அவர்களில் நூற்றுக்கு 22 பேர். வழமையான கவனிப்போடு விடப்பட்டவர்களில் 5 பேர். நாலு மடங்கு. அதேநேரம், அத்தனை துணை இருந்தும் மீதிப் பேரால் முடியவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விடமுடியாதவனைக் கோழை என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்கட்டும்.

புகைப்பழக்கம் வந்தது கூட்டாளிகளோடு. போவதும் அப்படியே என்று 2008இல் கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிரேமிங்ஹாம் இருதய ஆய்வில் இருந்த 12,067 பேரின் உறவுகளை, முப்பது வருடத்துக்கு மேலான பதிவுகளில் பின்தொடர்ந்தபோது, வாழ்க்கைத்துணை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 வீதமும், நண்பர் விட்டால் 36 வீதமும் குறைந்தது. நம் நாட்டுச் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதைத் தடுத்தது, விளம்பரத்தையும் நிறுத்தியது. 2015இலிருந்து பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படங்கள் மூடுகின்றன. ஆனால் கடையில் ஒன்றொன்றாக வாங்குகிறவன் பெட்டியைத் தொடுவதேயில்லை. படம் எட்டாத அவனைப் பக்கத்தில் நிற்கிற மனிதன்தான் எட்டமுடியும்.

ஒருவர் சறுக்கினால் என்ன செய்வது என்பதையும் நானாவிடம்தான் கற்றேன். சறுக்கினவர் முதலில் செய்வது, வேறு வாங்கில் போய் உட்காருவது. நானா எழுந்து அங்கே போவார். சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்பார். சிகரட் பேச்சை அந்த மனிதரே எடுக்கும்வரை காத்திருப்பார்.

இப்போது எனக்கும் மிஸ்ட் கோல் வருகிறது. மஹியாவையில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவன், சின்ன வயதிலேயே ஆஸ்துமா. இரவில் அவன் அழைப்பை எடுக்கும்போது என் கையில் சிகரட் இருக்கக்கூடாது. நோயைவிட அந்த எண்ணந்தான் என்னை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

விட நினைப்பவர்கள் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மாத்திரை அளவைப் பற்றி வைத்தியரிடம் மறைக்காமல் பேசுங்கள். விட்டுவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த கிளினிக்கில் மருந்து வாங்கியதும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். பக்கத்தில் இருமுகிறவரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.