வச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?

என் சித்தப்பாவிடம் 2003 மாடல் டீசல் பிக்-அப் ஒன்று இருந்தது. பீரோவும் கட்டிலும் ஏற்றியே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த வண்டி. கண் ஆபரேஷனுக்குப் பிறகு, 'போதும்டா, வித்துடலாம்' என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆள் பார்க்க வருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், வண்டிக்கு அடியில் தோசைக்கல் அளவுக்கு ஆயில்!

மெக்கானிக் பாய் கீழே படுத்துப் பார்த்தார். "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போயிடுச்சு. பின் சக்கரத்துல பிரேக் சிலிண்டரும் கசியுது" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். நானும் சித்தப்பாவும் சென்னை ஜி.பி. ரோட்டுக்குப் போனோம்.

கடைக்காரர் மேஜை மேல் இரண்டு சீல்களை வைத்தார். ஒன்று 90 ரூபாய், இன்னொன்று 650. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "வண்டியை வச்சுக்கப் போறீங்களா, விக்கப் போறீங்களா?" என்று கேட்டார், ரொம்ப இயல்பாக. காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பது போல.

"விக்கத்தான்" என்றார் சித்தப்பா. கடைக்காரர் கை தானாக 90 ரூபாய் பக்கம் போனது. பிரேக்குக்கான ரப்பர் கிட்டும் அதே தரத்தில் வாங்கிக்கொண்டோம்.

நீங்கள் இந்தச் சாமானைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். சுழலும் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் உதடு. அதை அழுத்திப் பிடிக்க உள்ளே ஒரு குட்டி ஸ்பிரிங். அவ்வளவுதான் ஆயில் சீல். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஆயிலில் ஊறி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 100 டிகிரிக்கு மேல் சூடு தொடர்ந்தால் மெல்ல இறுகி, வெடித்துவிடும். வைட்டான் மாதிரி ஃப்ளூரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். பிரேக்கோ வேறு கதை. அதற்கு பிரேக் ஆயிலுக்கு ஒத்துப்போகும் ரப்பர் வேண்டும். தப்பித் தவறி இன்ஜின் ஆயிலை பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றினீர்களோ, உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊறிப்போன சுண்டல் மாதிரி உப்பிவிடும். கடையில் பார்த்தால் எல்லாமே கறுப்பு. எது எது என்று முகத்தில் எழுதியிருக்காது. முன்பின் தெரியாத ஒருவருடைய வார்த்தையை நம்பித்தான் வாங்குகிறோம்.

பாய் பொட்டலத்தைப் பிரித்தார். பிரேக் கிட்டை மட்டும் எடுத்து சித்தப்பா கையிலேயே திருப்பி வைத்தார். "ஆயில் சீல் உங்க இஷ்டம்ணே. பிரேக் என் இஷ்டம். நல்லது வாங்கிட்டு வாங்க, இல்லைனா வேற பட்டறை பாருங்க." ஆயில் சீலைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார்: "தண்டுல பழைய சீல் உரசி பள்ளம் விழுந்திருக்கு. இதைப் போட்டா மூணு மாசம் ஓடும். அப்புறம் ஒழுகும்."

எனக்கு பாயின் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. உயிர் போகிற விஷயத்தில் பேரம் கிடையாது. பணம் போகிற விஷயத்தில் உன் இஷ்டம். நியாயமான கோடுதானே? ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது. அந்தப் பின்பக்க சீல் ஒழுகினால் ஆயில் கிளட்ச் தட்டில் படியும். லோடோடு மேம்பாலம் ஏறும்போது கிளட்ச் வழுக்கினால் வண்டி எந்தப் பக்கம் போகும்? கோடு அவ்வளவு நேராக இல்லை.

உடனே உங்களுக்கு சேலஞ்சர் ஞாபகம் வந்திருக்கும். 1986 ஜனவரி 28. அதற்கு முந்தைய நாள் ராத்திரி, ராக்கெட் பூஸ்டர் செய்த கம்பெனியின் இன்ஜினீயர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி உட்பட, குளிரில் ஓ-ரிங் ரப்பர் விறைத்துவிடும், ஏவாதீர்கள் என்று வாதாடினார்கள். மேலாளர்கள் தனியாகக் கலந்து பேசி, ஏவலாம் என்று மாற்றிச் சொன்னார்கள். 73 விநாடியில் ஏழு பேர் போனார்கள். பிறகு ஃபெயின்மன் ஓ-ரிங் துண்டு ஒன்றை ஐஸ் தண்ணீரில் அமுக்கிக் காட்டியது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு உறைப்பது வேறு. தொலைபேசியில் முடிவெடுத்தவர்கள் யாரும் அதில் ஏறப்போவதில்லை. ஏறப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். ராக்கெட்டையும் பிக்-அப்பையும் ஒன்றாக்குகிறாயா என்று சிரித்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு வித்தவன் என்கிட்ட என்னடா சொன்னான்?"

பதில் சொல்வது சுலபமில்லை. பழைய வண்டி என்றால் தேய்ந்துதான் இருக்கும். அதற்குத்தான் பழைய விலை. வாங்குகிறவருக்கும் அது தெரியும், கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவார். தேய்மானத்தை விற்பது தப்பே இல்லை. ஒழுகுகிற வண்டியை ஒழுகவிட்டு விற்றிருந்தால்கூட யோக்கியமாக இருந்திருக்கும், தரையில் இருக்கிற ஆயிலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். 90 ரூபாய் சீல் அந்தத் தரையைத் துடைத்துவிடுகிறது. 'இந்த வண்டி ஒழுகாது' என்று அது வாய் திறந்து சொல்கிறது, மூன்று மாதத்துக்கு மட்டும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்ற 4,000 ரூபாய் கூலி கொடுத்து ஒரு பொய்யை மாட்டியிருக்கிறோம் என்று சொன்னேன். சித்தப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. சங்கிலி எங்கே போயிருக்கும் என்று ஊகிக்க ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பையன் கீழே குனிந்து பார்த்தான். தரை சுத்தம். "நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றான். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் வாசல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பின்பக்க சீல் சாதா சீல்தான். மூணு மாசத்துல நல்லதா மாத்திடுங்க. தண்டுல பள்ளம் இருக்கு, ஸ்லீவ் போடணும்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா விலையில் எட்டாயிரம் குறைத்தார்கள். சித்தப்பா வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்க்காமல். என்னோடு பேச அவருக்குப் பத்து நாள் ஆனது.