கொடுப்பவர் யார்?

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கென்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். இவற்றுள் கல்வியாகிய சாஸ்திர தானத்தில் ஓர் ஐயம் எழுகின்றது: கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?

'பீஸ் கோர்' என்னும் அமெரிக்கத் தொண்டமைப்பின் முதல் ஆசிரியர்கள் 1961 ஆகஸ்டு 30இல் மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய கானாவில் வந்திறங்கினர். அத்தகைய தொண்டர்கள் இன்றும் அங்குள்ள சிற்றூர்களில் ஈராண்டுக் காலம் தங்கிக் கற்பிக்கின்றனர். வகுப்பில் ஆசிரியராக நிற்பவர் வெளியே வந்ததும் மாணவராகிறார். நலம் வினவாது பேச்சைத் தொடங்கலாகாது என்பதையும், இடக்கையால் எதனையும் நீட்டலாகாது என்பதையும் அவருக்கு ஊராரே கற்பிக்கின்றனர். ஊர்மொழியில் அவர் தடுமாறுங்கால் சிறுவர் திருத்துகின்றனர்.

'கொடுக்க வந்தோம்' என்னும் நினைவு, நான்கு கஷாயங்களுள் ஒன்றாகிய மானம், அதாவது செருக்கு. அது தானத்தின் பயனை உள்ளிருந்தே அரித்துவிடும். ஆயினும், பணிவென்று கூறிக் கணிதப் பாடத்தைத் தளர்த்தலும் அறமன்று. அப்பிள்ளைகளுக்கு எழுத வேண்டிய தேர்வு உண்டு. ஒருவரே ஒரு நோக்கில் கொடுப்பவர், மற்றொரு நோக்கில் பெறுபவர் என்பதே அநேகாந்தம் காட்டும் விடை.

ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றது கற்பிக்கும் முறையே. பெறும் முறையை மாணவரிடமே கற்றோம்.