வீரரின் உணவு நமக்கும் வேண்டுமா?



"அம்மா, எனக்குப் புட்டு வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் கொஞ்சம் கீரையும் போதும்." இப்படியான பேச்சு இன்று எம்மவர் வீடுகள் பலவற்றிலும் கேட்கிறது. உதைபந்தாட்டக் கழகத்துக்கும் நீச்சலுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகும் பிள்ளைகள், தமக்குப் பிடித்த வீரர் காலையில் என்ன சாப்பிடுகிறார், எதை விலக்குகிறார் என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பெற்றோரில் ஒரு சாரார் "பிள்ளைக்கு என்ன கட்டுப்பாடு!" என்று பெருமைப்படுகிறார்கள். மறுசாரார் "இது என்ன பைத்தியம்" என்று கோபிக்கிறார்கள். ஆக்கி வைத்த அம்மம்மாவுக்கோ மனவருத்தம். உலகப் புகழ் பெற்ற வீரர்களின் கடுமையான உணவு முறையை நாமும் பின்பற்றுவது தகுமா? இதை வைத்தியரிடம் மட்டும் விட்டுவிட முடியாது. எதற்காக எதைத் துறக்கிறோம் என்பது அறம் சார்ந்த கேள்வியும் ஆகும்.

முதலில் எல்லோரும் அறிந்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். செர்பிய நாட்டு டென்னிஸ் வீரர் நொவாக் ஜொக்கோவிச்சின் பெற்றோர் ஒரு மலைவாசத்தலத்தில் பீற்சாக் கடை நடத்தியவர்கள். பாணும் பீற்சாவும் உண்டு வளர்ந்த பிள்ளை அவர். 2010 ஜனவரியில் அவுஸ்திரேலியப் போட்டியில் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்துத் தோற்றார். அதே ஆண்டில் தமது நாட்டவரான ஒரு வைத்தியரின் ஆலோசனைப்படி, கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை முற்றாக விலக்கினார். 2011இல் நடந்ததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டின் முதல் 41 ஆட்டங்களில் அவருக்குத் தோல்வியே இல்லை. விம்பிள்டன் உட்பட மூன்று பெரும் பட்டங்களை வென்றார். விம்பிள்டனை வென்ற மகிழ்ச்சியில் அந்த மைதானத்துப் புல்லில் ஒரு சிட்டிகையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டதும் பலருக்கு நினைவிருக்கும். 2012இல் அவுஸ்திரேலிய இறுதி ஆட்டம் 5 மணி 53 நிமிடம் நீடித்தது. அதை வென்ற பின் அவர் தமக்கு அனுமதித்த பரிசு சொக்கலேற்றில் ஒரேயொரு சிறு துண்டு மட்டுமே. ஒன்றரை ஆண்டுகளாக அவர் அதைச் சுவைத்ததில்லை என்று தமது நூலில் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்கும் எந்தப் பிள்ளைக்கும் பாணைத் தூர எறியத் தோன்றும். ஆனால் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். கோதுமை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அந்த மாற்றத்துக்குக் காரணம். பிரித்தானியாவில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குச் சீலியாக் என்னும் நோய் உண்டு. அவர்கள் குளூட்டனை விலக்கியே ஆக வேண்டும். மற்றவர்களுக்கு? இந்நோய் இல்லாத 13 சைக்கிளோட்ட வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஒரு வாரம் குளூட்டன் உள்ள உணவும் இன்னொரு வாரம் அது இல்லாத உணவும், எது எந்த வாரம் என்று தெரியாத வகையில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவர்களது வேகத்தில் எந்த வேறுபாடும் காணப்படவில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 100 மீற்றரை 9.69 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த உசைன் போல்ற், அந்த நாட்களில் பெரும்பாலும் பொரித்த கோழித் துண்டுகளையே உண்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். பத்து நாட்களில் ஏறத்தாழ ஆயிரம் துண்டுகளாம்! அதைப் பார்த்து யாரும் "பொரித்த கோழி தின்றால் உலக சாதனை படைக்கலாம்" என்று சொல்வதில்லை. அப்படியானால் பாணை விட்டதால் மட்டுமே ஜொக்கோவிச் வென்றார் என்று மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இருவருக்கும் பொதுவானவை பிறவித் திறமையும் பல்லாண்டுப் பயிற்சியும். உணவுப் பட்டியல் அவற்றின் ஒரு பகுதியே.

வீரருக்கு உடம்பு தொழிற்கருவி. கர்நாடக இசைப் பாடகர் கச்சேரி நாட்களில் குளிர்ந்த நீரும் ஐஸ்கிறீமும் தொடமாட்டார். குரல்தான் அவரது முதல். அதற்காகச் சபையில் இருந்து கேட்பவர்களும் ஐஸ்கிறீமை விட வேண்டும் என்று நாம் சொல்வதில்லை. அவர் கொடுப்பது ஒரு விலை. அந்த விலையால் அவர் பெறுவது பாட்டு. வீரரும் அவ்வாறே. பல மணி நேரம் ஓடுபவருக்கு உரிய உணவு, கணினிக்கு முன் எட்டு மணி நேரம் இருப்பவருக்கு உரியது அன்று. வீரருக்கோ சமையற்காரர், உணவு ஆலோசகர், வைத்தியர் என்று ஒரு கூட்டமே துணை நிற்கிறது. அந்தப் பொருளை வாங்காதவர் அதன் விலையை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது எந்த வகையில் ஞானம்?

அந்த விலை வீரருக்கே சில வேளை அளவு மீறிவிடுகிறது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் இறுதிக்குத் தெரிவானார். மறுநாள் காலை நிறை பார்த்தபோது 100 கிராம் அதிகம். இரவு முழுவதும் உண்ணாமல், நீர் அருந்தாமல், ஓடி வியர்த்து, தலைமயிரைக்கூட வெட்டிப் பார்த்தும் அந்த 100 கிராம் குறையவில்லை. போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெயின் 2013இல், தமது 17ஆவது வயதில், உலகப் போட்டியின் 1500 மீற்றர் இறுதியில் ஓடியவர். மேலும் மெலியுமாறு தம்மை வற்புறுத்தியதால் மூன்றாண்டுகள் மாதவிடாய் நின்றுபோனதாகவும் ஐந்து எலும்புகள் முறிந்ததாகவும் 2019இல் அவர் வெளிப்படையாகக் கூறினார். உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்காத உடம்பில் எலும்பும் இதயமும் மனமும் ஒருங்கே பாதிக்கப்படும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வைத்திய அறிஞர்கள் 2014இல் எச்சரித்தார்கள். எமது பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். வளரும் வயதில் உணவைக் குறைக்கும் பிள்ளையை "கட்டுப்பாடான பிள்ளை" என்று புகழுமுன், அது கட்டுப்பாடா, பயமா என்று பார்க்க வேண்டும்.

"அப்படியானால் சரி, நாம் விரும்பியபடி சாப்பிடலாம்" என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். இனித்தான் பெரியவர்களுக்கு உரிய பகுதி வருகிறது. தெற்காசிய வழிவந்தவர்களுக்குச் சீனி வருத்தம் வரும் வாய்ப்பு பிரித்தானிய வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதனாலேயே, மற்றவர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 25 என்று வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோட்டை, எமக்கு 23 என்று 2013இல் இந்நாட்டுச் சுகாதார வழிகாட்டி குறைத்து வைத்தது. ஊரில் வயலிலும் வளவிலும் உழைத்தவர்கள் உண்ட சோற்றின் அளவு அப்படியே எம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அந்த உழைப்பு வரவில்லை. மகனின் உணவுப் பட்டியலைப் பார்த்துச் சிரிக்கும் தகப்பன், காலையில் குளிசை போட்டுவிட்டு மாலையில் மூன்றாவது வடையை எடுக்கிறார். இருவரில் யார் தம் உடம்போடு உண்மையாக நடக்கிறார்?

வீரரிடம் நாம் கற்க வேண்டியது இதுதான். அவரது பட்டியல் எமக்கு வேண்டாம், அவரது நேர்மை வேண்டும். "என் வேலை இது, அதற்கு இந்த உணவு வேண்டும்" என்று அவர் கணக்குப் பார்க்கிறார். நாமும் எமது கணக்கைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதில் எமது வேலை என்ன? பிள்ளைகளுக்குப் பாரமாகாமல் நடமாடுவதும், கண்பார்வையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்வதும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதும்தான். அதற்கு வேண்டிய கட்டுப்பாடு ஒரு கரண்டி சோற்றைக் குறைப்பதும் அரை மணி நேரம் நடப்பதும் ஆகும். விம்பிள்டனை வெல்ல வேண்டிய தேவை எமக்கில்லை.

உணவைத் துறப்பது எமக்குப் புதிதல்ல. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்த முறையில் ஓர் அறிவு இருப்பதைக் கவனியுங்கள். விரதத்துக்குத் தொடக்க நாளும் உண்டு, முடிவு நாளும் உண்டு. நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் விலக்கு உண்டு. முடிவில் எல்லோரும் கூடியிருந்து பாரணை செய்கிறோம். முடிவே இல்லாத, யாருக்கும் விலக்கில்லாத, மற்றவரோடு சேர்ந்து உண்ண விடாத ஒரு கட்டுப்பாடு எங்கிருந்து வந்தாலும் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

ஆகவே, பிள்ளை ஒரு புதிய உணவு முறையோடு வந்து நின்றால் ஏச வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். மூன்று கேள்விகளைப் பொறுமையாகக் கேட்போம். இது எதற்காக? யார் சொல்லித் தொடங்கினாய்? எப்போது முடியும்? நல்ல பதில் இருந்தால் அதற்கேற்பச் சமைத்துக் கொடுப்பதும் அன்புதான். பதில் இல்லாவிட்டால், அல்லது உண்ணப் பயப்படுவது போலத் தெரிந்தால், தாமதியாமல் குடும்ப வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். பிள்ளைகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். "வேண்டாம்" என்பதை அம்மம்மாவின் மனம் நோகாமலும் சொல்லலாம். அவரோடு கூட இருந்து ஒரு பிடியாவது உண்பதால் எந்தப் பதக்கமும் கைநழுவிப் போகாது.

பெரியவர்களான எமக்கும் ஒரு வேண்டுகோள். விருந்துகளில் "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவதை அன்பின் அடையாளமாக எண்ணி வந்திருக்கிறோம். போதும் என்று கையால் இலையை மறைப்பவரின் கையை விலக்கிப் பாயசம் ஊற்றுவதை இனியாவது நிறுத்துவோம். அவரது "போதும்" என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு மனவுறுதி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். உலகமே பார்க்க ஒரு துண்டு சொக்கலேற்றோடு நிறுத்திக்கொண்ட வீரரை மெச்சும் நாம், எம் பக்கத்து இலையில் இருப்பவரின் மனவுறுதிக்கும் அதே மதிப்பைக் கொடுப்போமாக.