தனி டம்ளர்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. மற்ற டம்ளர்களைப் போலத்தான் அதுவும். ஆனாலும் அதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. பிறத்தியாருடைய அறியாமையைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். என்னுடையதைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் குறைந்தா போய்விடுவேன்?

என் பாட்டி டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்க விடமாட்டாள். தூக்கித்தான் குடிக்க வேண்டும். தவறிப்போய் உதட்டில் பட்டுவிட்டால் "எச்சில் பண்ணிட்டியேடா!" என்று அலறுவாள். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கென்று கொல்லைப்புற மாடத்தில் ஒரு தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அவளுக்குக் காப்பி அதில்தான். அந்த வழக்கத்தை எங்கள் வீட்டில் ஒழித்துவிட்டோம் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்யும் அம்மாள் நாங்கள் குடிக்கும் டம்ளரில்தான் காப்பி குடிக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்துதான் குடிக்கிறார். வருகிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்றுகூட நான் சில சமயம் ஆசைப்பட்டதுண்டு.

அந்த அம்மாளுக்கு ஒரு மகள். புருஷன் இறந்துவிட்டான். தையல் வேலை செய்து, ஐந்து வயதுப் பையனை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை அந்த அம்மாள் ஒரு நாள் என் மனைவியிடம் மட்டும் சொன்னார். மாதத்துக்கு ஒரு நாள் மாத்திரை வாங்க மகளுடன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதற்கு லீவு வேண்டும், பொய் சொல்லிக் கேட்க மனசு வரவில்லை என்றாராம். என் மனைவி என்னிடம் சொன்னாள். "பாவம்" என்றேன். மேலே இரண்டொரு நல்ல வார்த்தைகளும் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் அந்த அம்மாளுக்குக் காய்ச்சல். பதிலுக்கு மகள் வந்தாள். என் மனைவி ஊரில் இல்லை. அவள் வேலையை முடித்துவிட்டுப் புறப்படும்போது நானே காப்பி கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைத் தேய்க்கும் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நான் அந்த டம்ளரை இரண்டு விரலால் அடிப்பக்கம் பிடித்து எடுத்து, குழாய்க்குப் பக்கத்து மூலையில் தனியாக வைத்தேன். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. கை செய்தது.

மறுநாள் காலை அந்த அம்மாள் வந்தார். மூலையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேத்து அவ குடிச்சதுங்களா ஐயா?" என்றார். "சும்மாதான்..." என்று நான் எதையோ ஆரம்பித்து, முடிக்காமல் நின்றேன். அவர் டம்ளரை எடுத்துத் தேய்த்து, மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தார். "இதுல எல்லாம் ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா, ஐயா?" என்றார். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து குழந்தைக்கு வருவது: இவைதாம் அந்தக் கிருமி பரவும் வழிகள். தொடுவதாலும், கட்டிக்கொள்வதாலும், ஒரே தட்டில் சாப்பிடுவதாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும், எச்சிலாலும், வியர்வையாலும், கண்ணீராலும் பரவாது. யாராவது மேடையில் ஏற்றிவிட்டால் அரை மணி நேரம் பேசக்கூடிய அளவுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கை ஏன் அப்படிச் செய்தது? அதுதான் என் கேள்வி.

லஸ் நாகேசுவர ராவ் பூங்காவில் காலையில் என்னுடன் நடக்கும் டாக்டர் ஒருவர் உண்டு. அடையாறில் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். என் பெயரில் சொல்லாமல், ஒரு நண்பர் செய்ததாகச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"ஒரு நண்பர் கேட்கச் சொன்னார் என்றுதான் சார் என்னிடமும் எல்லாரும் வருவார்கள்" என்றார். "டாக்டர், கொசு கடித்தால் எய்ட்ஸ் வருமா? சலூனில் கத்தி பட்டுவிட்டது, வருமா? ரயில் கக்கூஸில் உட்கார்ந்தேன், வருமா? ஓட்டலில் சமையல்காரன் விரலை வெட்டிக்கொண்டு சாம்பார் வைத்திருந்தால் வருமா?"

"நீங்கள் என்ன சொல்வீர்கள்?"

"கொசு என்ன, ஊசியா? ஒருவரிடம் குடித்த ரத்தத்தை அடுத்தவருக்கு அது ஏற்றுவதில்லை. தன் எச்சிலைத்தான் செலுத்துகிறது. மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ளேயே வளர்ந்து அந்த எச்சிலுக்கு வந்து சேர்கிறது. இந்தக் கிருமியால் அது முடியாது. கொசுவின் வயிற்றிலேயே ஜீரணமாகிவிடும். கொசுவால் பரவுமானால் நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் எண்பது வயதுக் கிழவர்களுக்கும் அல்லவா வீட்டுக்கு வீடு வந்திருக்க வேண்டும்? கொசு வயசு பார்த்தா கடிக்கிறது? சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் அது முக்கியமாக வேறொன்றுக்காக. காய்ந்த ரத்தக் கறையில் ஹெபடைடிஸ் பி கிருமி ஒரு வாரம்கூட உயிரோடிருக்கும். எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே அவ்வளவு கெட்டி இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறிக் கையில் குத்திவிடுகிறது அல்லவா? அப்படி ஆயிரம் தடவை குத்தினால் சுமார் மூன்று தடவைதான் நோய் தொற்றும் என்பது கணக்கு. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்து 28 நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்."

சிறிது தூரம் நடந்த பிறகு அவரே தொடர்ந்தார்: "இதையெல்லாம் சொன்னாலும் சிலர் போகமாட்டார்கள் சார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். கொசுவைப் பற்றிக் கேட்டவர் அரை மணி கழித்து, போன வருஷம் வெளியூரில் தங்கிய ஓர் இரவைப் பற்றிச் சொல்வார். அவர் பயப்படுவது அந்த இரவுக்கு. கேட்கக் கூச்சப்பட்டுக் கொசுவின் மேல் பழியைப் போடுகிறார். கொசுவைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்காமலே இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை."

வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கொசுவைப் பற்றிக் கேட்டவருக்கும் டம்ளரை ஒதுக்கிய எனக்கும் ஒரு விஷயத்தில் வித்தியாசமில்லை. இருவரும் கிருமியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தோன்றும். உண்மையில் இருவரையும் உலுக்கியது பாவம், தீட்டு என்ற பழைய பயம்தான். அவர் தம் பாவத்தைக் கண்டு பயந்தார். நான் பிறத்தியாருடைய பாவம் என் பாத்திரத்தில் ஒட்டிவிடும் என்று பயந்தேன். பாட்டியின் மாடத்தை இடித்துவிட்டதாக நான் நினைத்தது பொய். மாடம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதில் வைப்பதற்கு ஒரு டம்ளர்தான் இல்லாமலிருந்தது.

இது என் ஒருவனுடைய பிழை மட்டும் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை. 1980-களின் நடுவில் தேசமே இப்படித்தான் இருந்தது. எய்ட்ஸ் என்பது ஒழுக்கங்கெட்ட மேல்நாட்டாருக்கு வருவது, கட்டுப்பாடும் கடவுள் பக்தியும் உள்ள நமக்கு வராது என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்கள் நம் ஊர்க்காரர்களே, அதுவும் இரண்டு பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும். நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். வைத்துக்கொள்ள வேறு இடமில்லாததால் அந்த மாதிரிகளைத் தம் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். 1986-இல் ஐஸ் பெட்டியோடு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அப்போதுதான். எனக்கு இந்தச் சரித்திரத்தில் மறக்க முடியாதது அந்த ஃப்ரிட்ஜ். கிருமியுள்ள ரத்தத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்து, உரிய ஜாக்கிரதையோடு வைத்துக்கொண்டார் ஒருவர். நான் ஒரு பெண் குடித்துவிட்டுப் போன காப்பி டம்ளரைக் கண்டு ஒதுங்கினேன்.

சுனிதி சாலமன் 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். தி. நகரில் நடந்த அது பின்னர் தரமணிக்கு மாறியது. கிருமியுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் அவரே வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைப்பாராம். 2015-இல் அவர் காலமானார்.

"இருக்கட்டுமே, ஒரு டம்ளரைத் தனியாக வைப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஜாக்கிரதையாக இருப்பது குற்றமா?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். நஷ்டம் இருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் இந்த நோய்க்கு இலவசமாக மருந்து கொடுக்கிறது. ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைந்து, குறைந்தபடியே இருந்தால் அவர்களிடமிருந்து உடலுறவின் மூலமாகக்கூட நோய் பரவுவதில்லை. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சி 2011-இல் வெளிவந்தது. நம் சென்னையும் அதில் ஓர் இடம். சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. மருந்தில்லாவிட்டால் தாயிடமிருந்து நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து குழந்தைகள் வரை தொற்றும். மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த ஐந்து வயதுப் பையன் நோயில்லாமல் எங்கள் கூடத்தில் ஓடி விளையாடுவது இதனால்தான்.

ஆக, சோதனை செய்துகொண்டு மருந்து சாப்பிடுகிறவரால் ஊருக்கு ஆபத்தில்லை. சோதனைக்குப் போகவே அஞ்சி ஒளிந்திருக்கிறவரால்தான் ஆபத்து. அவர் எதற்கு அஞ்சுகிறார்? மருந்துக்கா? ஊசிக்கா? என்னைப் போன்றவர்கள் மூலையில் ஒதுக்கி வைக்கும் டம்ளருக்குத்தான். டம்ளரால் இந்த நோய் பரவாது. தனி டம்ளரால் பரவும்.

சாத்தூரில் 2018 டிசம்பரில் நடந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தத்தைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இழைத்த அநீதிக்கு ஈடு கிடையாது. அந்த விஷயத்தை வெளியே கொண்டுவந்தது யார் தெரியுமா? ரத்தம் கொடுத்த இளைஞனே. வயது பத்தொன்பது. வெளிநாட்டு வேலைக்காகச் சோதனை செய்துகொண்டபோது தனக்குக் கிருமி இருப்பது தெரிந்தது. தான் கொடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக்கூடாதே என்று தானாகவே தகவல் சொன்னான். பேசாமல் இருந்திருக்கலாம், இருக்கவில்லை. சில நாட்களில் விஷம் குடித்து இறந்துபோனான். கிருமி கொல்வதற்கு வருஷங்கள் ஆகும். மருந்து சாப்பிட்டால் கொல்லவே வேண்டியதில்லை. அவனுக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்ன ஒருவனை நாம் எங்கே வைத்திருப்போம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கிருமி உள்ளவர்களை வேலையிலும் வீட்டிலும் பள்ளியிலும் ஒதுக்கக்கூடாது, அவர்கள் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்று 2017-இல் ஒரு சட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் அமலுக்கும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் என் சமையலறை மூலைக்கு வராது. அங்கே நான்தான் வர வேண்டும்.

இன்னும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மனைவி முதலில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, "பாவம்" என்று சொன்ன அதே வாயால் "எப்படி வந்ததாம்?" என்றும் கேட்டேன். கேள்வி மருத்துவக் கேள்வியைப் போல இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது, அவளை இரக்கத்துக்குரியவர்கள் வரிசையில் வைப்பதா, இகழ்ச்சிக்குரியவர்கள் வரிசையில் வைப்பதா என்ற தகவல். புருஷனிடமிருந்து வந்தது என்றால் இரக்கம். வேறெப்படியாவது என்றால் வேறு. மாரடைப்பு வந்தவரைப் பார்க்கப் போகும்போது எத்தனை நாள் நெய்யும் வறுவலும் சாப்பிட்டார் என்று விசாரித்த பிறகா ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டுகிறோம்?

மகள் அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தாள். அவள் குடித்த டம்ளரிலேயே நானும் குடித்துக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதுவும் அவளைத் தனியாக நிறுத்தி வைப்பதுதான். காப்பி கொடுத்தேன், குடித்தாள், பையன் எந்த வகுப்பில் சேரப்போகிறான் என்று பேசிக்கொண்டிருந்தோம். டம்ளர் மற்றப் பாத்திரங்களோடு தொட்டியில் கிடந்தது.

அலமாரியில் இப்போது பன்னிரண்டு டம்ளர்கள் இருக்கின்றன. அன்று நான் ஒதுக்கியது எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை.