விருந்தினனின் அறம்

ஓய்வைப் பெறும்பொருட்டே நாம் உழைக்கின்றோம் என்பது அரிஸ்டோட்டிலின் துணிபு. ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல்லே பிற்காலத்தில் பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களுக்கு மூலமாயிற்று. பரீட்சை முடிந்த களைப்பில் இதை எண்ணும் மாணவனுக்குச் சிரிப்பு வரக்கூடும். அது நிற்க, ஓய்வைப் பற்றி இன்னொரு வினாவும் எழுப்பப்படல் வேண்டும். ஒருவன் பிறரது ஊருக்குச் சென்று ஓய்வெடுக்கும்போது, அவன் துய்க்கும் அமைதி எங்கிருந்து வந்தது?

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழவில்லை. சென்ற விடுமுறையில் நண்பன் ஒருவனின் அழைப்பை ஏற்று நெடுந்தீவில் மூன்று நாட்கள் தங்கியிருந்தேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணம். முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள், கட்டுவாரற்ற குதிரைகள் மேயும் வெட்டவெளி, பருத்த பெருக்கமரம், இடிந்த கோட்டை, எப்புறம் நோக்கினும் பனை. முதல்நாள் மாலை திண்ணையில் இருந்தவாறு, “இப்பிடி ஒரு அமைதியை நான் எங்கையும் காணேல்லை, ஆச்சி” என்றேன். நண்பனின் பேர்த்தியார் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

“இஞ்ச சத்தம் இருந்த காலத்தில ஒருத்தரும் ஓய்வெடுக்க வரேல்லை, தம்பி.”

அவர் கடிந்து கூறவில்லை. கூறிவிட்டுத் தேநீர் வைக்கச் சென்றார். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நான் ஒன்றெனக் கருதிய அமைதி உண்மையில் இரண்டு. கடலும் காற்றும் தருவது ஒன்று. அது எவர்க்கும் பொது. பூட்டிய வீடுகள் தருவது மற்றொன்று. நல்ல தண்ணீர்க் குறைவும் தொழிலின்மையும் சிலரை வன்னிக்கு அனுப்பின. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இல் போர் மீண்டும் மூண்டது. சென்றவர்களின் பேச்சும் சிரிப்பும் சண்டையும் அகன்ற இடத்தையே நான் அமைதி என்று புகழ்ந்திருந்தேன்.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. ஸ்பெயின் நாட்டின் மலையுச்சிக் கிராமங்கள் பல, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததால் வெறுமையுற்றவை. இன்று நகரத்தார் அவற்றுக்கே இளைப்பாறச் செல்கின்றனர். வெறுமையான அந்த ஸ்பெயினைப் பற்றி 2016 இல் வெளிவந்த நூலொன்று அந்நாட்டில் பெரும் விவாதத்தை எழுப்பியது.

அப்படியாயின் அங்குச் செல்வதே தவறா? நான் செல்லாதிருந்தால் ஒரு வீடாவது திறந்திருக்கப் போவதில்லை. வருவோரால் படகோட்டிக்கும் கடைக்காரருக்கும் சிறிது வருவாயும் உண்டு. ஆச்சியும் என் வருகையால் மகிழ்ந்தார் என்றே நம்புகிறேன். ஆகவே ஓய்வெடுத்தலில் குற்றமில்லை. பிறரது இழப்பை நிலத்தின் இயல்பாக எண்ணி அதைப் புகழ்வதிலேயே குற்றம் உள்ளது.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் பத்துக் குறள்களும் விருந்தளிப்பவனை நோக்கியவை. முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினன் வாடிவிடுவான் என்பார். வந்தவன் ஆற்ற வேண்டிய கடமையை அங்கு நான் காணவில்லை. இரண்டாம்நாட் காலையில் பீப்பாவிலிருந்த நீரை அள்ளி மனம்போலக் குளித்தேன். வீட்டுக் கிணறு உவர். பீப்பாவில் இருந்தது குடிப்பதற்குத் தொலைவிலிருந்து எடுத்து வந்த தண்ணீர் என்பதை மாலையில்தான் அறிந்தேன். ஆச்சியின் முகம் சற்றும் திரியவில்லை. திரிந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

இறுதிநாள் பின்னேரம் அவருடன் ஒழுங்கை வழியே நடந்தேன். இம்முறை எதையும் புகழவில்லை. ஒவ்வொரு படலையிலும் நின்று, “இது ஆற்றை வீடு, ஆச்சி?” என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார்: இவர்கள் கிளிநொச்சியில், இவர்கள் பாரிசில், இந்த வீட்டுப் பிள்ளை நன்றாகப் பாடும், இந்த வீட்டாருடன் வேலிச் சண்டையில் ஏழு வருடம் பேசவில்லை. இருட்டும்வரை நடந்தும் ஒழுங்கையின் பாதியைத்தான் கடந்திருந்தோம்.