மூன்றுதரம் மறிக்கப்பட்ட வழி



எண்ணாகமம் 22-ஆம் அதிகாரத்தை ஒருதரம் எடுத்து வாசித்துப் பாருங்கள். பிலேயாம் கழுதையின்மேல் ஏறிப் போகிறான். கழுதை முதல்தரம் வயலுக்குள் விலகுகிறது. அடுத்ததரம் சுவரோரம் ஒதுங்கி அவன் காலை நெருக்குகிறது. மூன்றாந்தரம் அப்படியே படுத்துவிடுகிறது. தீர்க்கதரிசி என்ன பண்ணினான்? மூன்றுதரமும் கழுதையைப் போட்டு அடித்தான். வழியை மறித்து நின்ற தூதனைக் கழுதை பார்த்தது, ஐயா பார்க்கவில்லை!

இப்படி வழி மறிக்கப்பட்டும் நிற்காத ஒரு மனிதனைச் சரித்திரத்தில் வாசித்தேன். அதிலிருந்து என் இருதயம் குத்தப்பட்டது. அதை உங்களோடும் பகிர்ந்துகொள்ளுகிறேன்.

ஐரோப்பாவில் பர்கண்டி என்று ஒரு தேசம் இருந்தது. அதை ஆண்டவர் சார்லஸ். 1433-ல் பிறந்தார், 1467-ல் தகப்பன் ஸ்தானத்துக்கு வந்தார். பிளாண்டர்ஸ், பிரபாண்ட், ஹாலந்து, லக்சம்பர்க் எல்லாம் அவர் கையில். நெசவிலும் வியாபாரத்திலும் பேர்பெற்ற பட்டணங்கள் அவருக்கு வரி கட்டின. அந்நாட்களில் ஐரோப்பாவின் பெரிய ஐசுவரியவான்களில் அவரும் ஒருவர். என்ன குறை? இரண்டு குறை. ஒன்று, அவர் டியூக்தான், ராஜா அல்ல. தலையில் கிரீடம் இல்லை. இரண்டு, வடக்கே பாதி தேசம், தெற்கே பாதி தேசம். நடுவிலே லொரேன் என்ற அடுத்தவன் நிலம். ஆகாபுக்கு அரமனைப் பக்கத்தில் ஒரு திராட்சத்தோட்டம் கண்ணை உறுத்தினதுபோல, இவருக்கு லொரேன் உறுத்திக்கொண்டே இருந்தது.

இராத்திரியில் பழைய ராஜாக்களின் சரித்திரங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராம். நானும் அப்படி ஆகணும் என்று ஆசை. அவருடைய விருதுவாக்கு என்ன தெரியுமா? 'நான் இதை மேற்கொண்டேன்' என்ற பொருள் கொண்டது. எல்லாம் 'நான்'. யாக்கோபு 4-ஆம் அதிகாரம் நமக்குக் கற்றுத்தருகிற 'கர்த்தருக்குச் சித்தமானால்' அதிலே இல்லை, பாருங்கள்.

1. முதல்தரம்: கிடைக்காத கிரீடம்

1473-ல் டிரியர் என்ற பட்டணத்தில் பேரரசர் மூன்றாம் பிரெடரிக்கைச் சந்திக்கப் போனார். தன் ஒரே மகள் மேரியைப் பேரரசரின் மகன் மாக்சிமிலியனுக்குக் கொடுக்கிறேன், எனக்கு ராஜ கிரீடம் கொடுங்கள் என்பது பேச்சு. வாரக்கணக்கில் விருந்தும் விழாவும். பட்டாபிஷேகத்துக்கு ஏற்பாடெல்லாம் நடக்கிறது. நவம்பர் மாதம் ஒருநாள் விடியற்காலையில், பேரரசர் படகில் ஏறி மோசெல் ஆற்றுவழியே போயே போய்விட்டார்! கிரீடம் வரவில்லை.

நமக்கு இப்படி நடந்தால் என்ன செய்யணும்? முழங்கால்படியிட்டு, 'ஆண்டவரே, ஏன் இந்தக் கதவை அடைத்தீர்?' என்று கேட்கணும். சார்லஸ் கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த வருஷமே நொய்ஸ் பட்டணத்தை முற்றிக்கைபோட்டார். 1474 ஜூலை தொடங்கி ஏறக்குறைய 11 மாதம். அந்தச் சிறு பட்டணம் விழவில்லை. பின்பு 1475 நவம்பரில் லொரேனின் தலைநகரான நான்சியைப் பிடித்தார். ஆசைப்பட்ட தோட்டம் கைக்கு வந்துவிட்டது. போதும் என்றாரா? இல்லை.

2. இரண்டாந்தரம்: பறிபோன பொருள்

சுவிஸ் மலைநாட்டார்மேல் படையெடுத்தார். 1476 பிப்ரவரியில் கிரான்சோன் கோட்டையில் இருந்தவர்கள் சரணடைந்தார்கள். சரணடைந்த அந்தச் சுமார் 400 பேரைத் தூக்கிலிட்டும் ஏரியில் அமிழ்த்தியும் கொன்றார். இரக்கம் கேட்டவனுக்கு இரக்கம் இல்லை. இரண்டு மூன்று நாள்தான் சென்றது. மார்ச் 2-ஆம் தேதி சுவிஸ் படை வந்தது. சார்லஸின் சேனை குழம்பிப்போய் ஓட்டம் பிடித்தது. செத்தவர்கள் கொஞ்சம்தான். ஆனால் கூடாரங்கள், பீரங்கிகள், வெள்ளிப் பாத்திரங்கள், வைரங்கள் எல்லாம் பறிபோயின. அவருடைய திரைச்சீலைகளில் சில இன்றைக்கும் சுவிட்சர்லாந்தில் பெர்ன் பட்டண அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இங்கே கவனியுங்கள். பொருள்தான் போயிற்று. தேசம் போகவில்லை, உயிர் போகவில்லை, மகள் இருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பியிருக்கலாமே! லூக்கா 14-ல் ஆண்டவர் சொன்ன ராஜா, யுத்தத்துக்கு முன்னே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். முடியாது என்றால் சமாதானம் பேச ஆள் அனுப்புகிறான். இவர் கணக்குப் பார்க்கவில்லை. துக்கத்தில் நோய்ப்பட்டார், ஆனால் தாழ்த்தவில்லை.

முன்பு அவரிடம் வேலைபார்த்து, 1472-ல் விட்டுப்போன ஆலோசகர் ஒருவர் உண்டு. பிலிப் தெ கொமின் என்று பேர். இந்த நாட்களைப்பற்றி எழுதும்போது அவர் சொல்லுகிற ஆலோசனை ஒரு பிரசங்கத்துக்குச் சமம். துக்கம் வரும்போது முதலாவது தேவனிடத்தில் திரும்பி, குற்றத்தை அறிக்கையிட்டுத் தாழ்த்தணும். பிறகு ஒரு நல்ல சிநேகிதனிடம் மனதைத் திறந்து பேசணும், வெட்கப்படக் கூடாது என்பது அதன் கருத்து. சார்லஸ் தனக்குள்ளே அடைத்துவைத்துக் கொண்டார்.

3. மூன்றாந்தரம்: உடைந்துபோன மனம்

மூன்றே மாதத்தில் மறுபடியும் சேனை திரட்டி முர்டென் பட்டணத்துக்குப் போனார். 1476 ஜூன் 22. இந்தத் தரம் பொருள் மாத்திரம் போகவில்லை, ஆயிரமாயிரமான மனிதர் செத்தார்கள். ஏரிக்குள் தள்ளப்பட்டு மூழ்கினவர்கள் அநேகர். ஒருவருடைய ஆசைக்கு எத்தனை தாய்மார் அழுதிருப்பார்கள்! எஜமான் கழுதையைத் தட்டினால் அடி விழுவது கழுதைக்குத்தானே.

அக்டோபரில் நான்சியும் கைவிட்டுப்போயிற்று. லொரேனின் இளம் டியூக் ரெனே தன் ஊரை மீட்டுக்கொண்டார். சார்லஸ் விட்டாரா? கடுங்குளிரில் நான்சியை மறுபடியும் முற்றிக்கைபோட்டார். போர்வீரர்கள் குளிரில் விறைத்துச் செத்தார்கள். அவர் நம்பியிருந்த கம்போபாஸோ என்ற இத்தாலியத் தளபதி எதிரியின் பக்கம் சாய்ந்துவிட்டான். அப்பவும் நிற்கவில்லை.

1477 ஜனவரி 5. பனியில் யுத்தம். சேனை சிதறிப்போயிற்று. இரண்டு நாள் கழித்துத்தான் சரீரம் அகப்பட்டது. உறைந்த குளத்து ஓரத்தில், வஸ்திரம் இல்லாமல், முகத்தை ஓநாய்கள் கடித்த நிலையில். கிரீடத்துக்கு ஆசைப்பட்ட அந்தத் தலையைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. பழைய காயத் தழும்புகளையும், விழுந்துபோன பற்களையும், நீளமான நகங்களையும் பார்த்து அவருடைய வைத்தியனும் வேலைக்காரரும், 'எங்கள் எஜமான்தான்' என்றார்கள். எதிரியான ரெனேதான் மரியாதையாய் நான்சியில் அடக்கம்பண்ணினான். நடுவிலே கிடந்த நிலம் எனக்கு வேணும் என்றாரே, அந்த நிலத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு குழி. அதுவும் நிலைக்கவில்லை, 1550-ல் எலும்புகளை எடுத்து வேறிடம் கொண்டுபோனார்கள்.

பர்கண்டியைப் பிரான்ஸ் ராஜா எடுத்துக்கொண்டார். தகப்பன் கிரீடத்துக்காகப் பேரம் பேசின அந்த மகள் மேரி, 19 வயதில் தனியே நின்றாள். அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் மாக்சிமிலியனைத்தான் விவாகம்பண்ணினாள். விவாகம் நடந்தது, கிரீடம் மாத்திரம் தகப்பனுக்கு வரவே இல்லை.

பிரியமானவர்களே, சாகும்போது சார்லஸுக்கு வயது 43. எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் ஜெபவீட்டை ஒட்டின காலி மனையை எப்படியாவது வாங்கணும் என்று ஒரு காலத்தில் நான் பிடிவாதமாய் இருந்தேன். முதலாவது பணம் புரளவில்லை. பிறகு பத்திரத்தில் சிக்கல் வந்தது. கடைசியில் வட்டிக்கு வாங்கலாம் என்று மனைவியின் வளையலைக் கேட்டேன். அவள், 'இது கர்த்தர் சொன்னதா, நீங்க சொன்னதா?' என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஊழியக்காரனையே கேள்வி கேட்கிறாயா என்று கத்தினேன். அன்றைக்கு இராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்றாவது தரமாக வழியை மறித்தவளை நான் அடிக்கிற கழுதை ஆக்கிவிட்டேனே என்று ஆவியானவர் உணர்த்தினார். விடியற்காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மனையும் வாங்கவில்லை. சமாதானம் கிடைத்தது. அல்லேலூயா!

தேவபிள்ளையே, அடைபட்ட கதவெல்லாம் பிசாசு அடைத்த கதவு என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். கட்டுகிறோம், ஜெயிக்கிறோம் என்று சத்தமிடுகிறோம். சில கதவு அப்படித்தான். ஆனால் சில கதவைக் கர்த்தரே கை வைத்து அடைக்கிறார். அதை எப்படி அறிவது? உட்கார்ந்து கேளுங்கள். உபவாசித்துக் கேளுங்கள். இது எனக்கு ஏன் வேணும்? இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? நான் மேன்மைப்படவா, அவர் மகிமைப்படவா? சகோதரனோடு பாகத்துக்காக வழக்காடுகிறவர்களே, பிள்ளையின் விவாகத்தில் கௌரவத்தைப் பேரம் பேசுகிற பெற்றோரே, கேளுங்கள். பொருள் மாத்திரம் போயிருக்கிற இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுங்கள். பிலேயாமுக்குக் கண் திறந்ததும் முகங்குப்புற விழுந்தானே, இன்றைக்கு அந்தக் கிருபை நமக்கும் உண்டு.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, நீர் மறிக்கிற வழியில் நான் முட்டிமோதாதபடி என் கண்களைத் திறந்தருளும். என் 'நான்' சாகட்டும், உம்முடைய சித்தம் நடக்கட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
உங்கள் சகோதரன்.